போர்டு லைட்டை அணைத்தால் போனும் போச்சு: பார்சல் ஆபீசில் ஒன்பது மாத இன்டர்நெட் போன்

ஈரோட்டில் எங்களுடையது ஒரு பார்சல் ஆபீஸ். அப்பா ஆரம்பித்தது, பதினோரு வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். சேலத்தில் ஒரு குடோன், கரூரில் ஒரு சின்ன கிளை. மஞ்சள் மூட்டை, சென்னிமலை பெட்ஷீட், பவானி ஜமக்காளம், லுங்கி பேல், எப்போதாவது யாரோ கட்டிக்கொடுத்த மகளுக்கு அனுப்பும் கிரைண்டர். "சரக்கு ஏறிருச்சுங்களா?", "வண்டி எங்க வருதுங்க?", "ஈ-வே பில்லுக்கு வண்டி நம்பர் சொல்லுங்க." காலை ஏழு மணியிலிருந்து இரவு ஒன்பது வரை இதே பேச்சுதான், பேசுகிற ஆள்தான் மாறுவார். திங்கள் இரவு கனி மார்க்கெட்டில் ஜவுளிச்சந்தை கூடிவிட்டால் செவ்வாய் முழுக்க போனைக் கீழே வைக்க முடியாது.

முன்பு இருந்தது செம்புக்கம்பியில் வரும் இரண்டு லைன், அதை எட்டு மேசைக்குப் பிரித்துவிடும் ஒரு இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டி. பாதாளச் சாக்கடைக்குத் தெருவைத் தோண்டினார்கள், கேபிள் அறுந்தது. ஒட்டினார்கள். குடிநீர்க் குழாய்க்குத் தோண்டினார்கள், மறுபடி அறுந்தது. இரண்டாவது தடவை பத்தொன்பது நாள் போனே இல்லை. பார்ட்டிகள் எங்கள் கிளார்க்கின் சொந்த செல்லுக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் ஒரு கல்யாணத்துக்குப் போன அன்று பாதி புக்கிங்கும் அவரோடு கல்யாணத்துக்குப் போனது. அதற்கப்புறம்தான் இன்டர்நெட் போனுக்கு மாறினோம்.

எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. நல்லதையும் குறையையும் கலந்து சொல்லப்போகிறேன், பெயர் வேண்டாம். தவிர, நான் பட்டதில் முக்கால்வாசி யாரிடம் வாங்கியிருந்தாலும் பட்டிருப்பேன். அது ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

வாங்கியது இவ்வளவு. 0424-ல் தொடங்கும் ஈரோட்டு நம்பர் ஒன்று. அதற்கு நான்கு சேனல், அது என்னவென்று பின்னால் வரும். ஆறு எக்ஸ்டென்ஷன், அதாவது உள்போன். நெட் ஒயரில் ஓடும், மேசையில் வைக்கும் ஐ.பி. போன் நான்கு, மீதி இரண்டு எக்ஸ்டென்ஷன் செல்லில் ஆப். பழைய இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டி செய்த வேலையை இப்போது கம்பெனியின் சர்வர் எங்கேயோ உட்கார்ந்து செய்கிறது. போன் ஒன்று நாலாயிரத்துக்குள் முடிந்தது. மாதம் மூவாயிரத்துச் சொச்சம், அதன்மேல் 18% ஜி.எஸ்.டி.

இது சட்டப்படி சரிதானா என்று அப்பாவுக்கு ஒரு பயம். வெளிநாட்டு அழைப்பை நெட்டில் இறக்கி உள்ளூர் சிம்களில் திருப்பிவிடும் திருட்டு எக்ஸ்சேஞ்சைப் பிடித்த செய்தியைப் பேப்பரில் படித்திருக்கிறார். அது வேறு, இது வேறு. உரிமம் உள்ள கம்பெனிகள் இன்டர்நெட் வழியாக நாட்டுக்குள் சாதாரண போன்களோடு பேசவைக்கலாம் என்று தொலைத்தொடர்புத் துறை 2018-லேயே தெளிவுபடுத்திவிட்டது. ஜி.எஸ்.டி. சான்றிதழ், முகவரிச் சான்று எல்லாம் வாங்கிக்கொண்டு, ஓர் ஆள் நேரில் வந்து ஆபீசைப் படம் எடுத்துப் போன பிறகுதான் எங்களுக்கு நம்பர் வந்தது. ஒரு தாளும் கேட்காமல் நம்பர் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

போனை மாட்ட வந்தவர் எங்கள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் தம்பி, பெருந்துறைக்காரர். ஒரு ஐ.பி. போனைப் பிரித்து, நெட் ஒயரைச் செருகினார். கரண்டுக்குத் தனி ஒயர் இல்லை. அந்த ஒரே ஒயரில் கரண்டும் போகிறது, நெட்டை ஒவ்வொரு போனுக்கும் பிரித்துக்கொடுக்கும் ஸ்விட்ச் பெட்டி அந்த வகை. அப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"ஏந்தம்பி, லைனே இல்லாம பேச்சு எப்படிப் போகும்?"

"பார்சல் மாதிரிதானுங்க ஐயா. நீங்க பேசறதை செகண்டுக்கு அம்பது பார்சலாக் கட்டறோம்ங்க. ஒவ்வொண்ணு மேலயும் வரிசை நம்பர் இருக்கும். எல்லாம் தனித்தனியாக் கிளம்பும்ங்க. அந்தப் பக்கம் போனதும் நம்பர் பார்த்து அடுக்கிப் பிரிச்சுருவாங்க."

"லேட்டா வர்ற பார்சலு?"

"தூக்கிப் போட்டுரும்ங்க."

"பார்ட்டி சும்மா விடுவானா?"

"ஒண்ணு ரெண்டு காணாமப்போனாக் காதுக்குத் தெரியாதுங்க. பத்துக்கு ஒண்ணு போச்சுன்னாத்தான் பேச்சைக் கடிச்சுத் துப்புன மாதிரி இருக்கும்."

அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் அன்றைக்குத்தான் புரிந்தது. அவர் சொன்னதில் ஒன்றும் மிகையில்லை. குரலை 20 மில்லிசெகண்ட் துண்டுகளாக வெட்டுகிறார்கள், அதனால்தான் செகண்டுக்கு ஐம்பது. வந்து சேரும் துண்டுகள் முன்பின்னாக வந்தால் வரிசைப்படுத்த, வாங்குகிற பக்கம் ஒரு சின்ன குடோன் மாதிரி கொஞ்ச நேரம் பிடித்துவைத்துப் பிறகு விடும். அதிக நேரம் பிடித்துவைக்கவும் முடியாது. இங்கே பேசுவது அங்கே கேட்க 150 மில்லிசெகண்டைத் தாண்டத் தாண்ட, இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசி முட்டிக்கொள்வோம். இன்னொன்று, போன் அடிக்கவைப்பதும் பேச்சைக் கொண்டுபோவதும் இரண்டு தனி வேலை. "இந்த எக்ஸ்டென்ஷனுக்கு அழைப்பு, எடுக்கிறாயா" என்று கேட்டு ஏற்பாடு செய்வது எஸ்.ஐ.பி., நம் புக்கிங் கவுண்டர் மாதிரி. பேச்சைத் தூக்கிக்கொண்டு ஓடும் லாரி ஆர்.டி.பி. புக்கிங் ஒழுங்காக நடந்து லாரி மட்டும் வழிதவறிப் போகலாம். எங்களுக்குப் போனது.

சேலத்தில் முதல் தொல்லை. பகலெல்லாம் கணீரென்று கேட்கும். மாலை ஆறு மணியானால் சேலத்து மேனேஜர் அண்ணன் பேசுவது "அம்... லோடு... லீங்க... நாளை..." என்று வரும். நான் பேசுவது அவருக்குத் தெளிவாகக் கேட்கிறது. அவர் பேசுவது எனக்குத் துண்டு துண்டாக வருகிறது. ஆறு முதல் எட்டு வரைதான் புக்கிங்கே நடக்கும், அந்த நேரம் பார்த்து இப்படி. கம்பெனிக்குப் புகார் போட்டால், "உங்கள் நெட்டைப் பாருங்கள்" என்றார்கள். நெட் கொடுத்தவரைக் கேட்டால், "எங்கள் பக்கம் ஸ்பீடு ஃபுல்லாக இருக்கிறது, வேண்டுமானால் இன்னும் பெரிய பிளான் போடுங்கள்" என்றார். போட்டேன். மாதம் நானூறு ரூபாய் கூடுதலாகப் போனதுதான் மிச்சம்.

போனுக்கு வேகமே பெரிதாக வேண்டியதில்லை. ஒரு அழைப்பின் பேச்சு 64 கிலோபிட், விலாசம் எழுதும் செலவெல்லாம் சேர்த்தால் ஒரு திசைக்கு 87 கிலோபிட் அளவுதான். எங்கள் ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேசினாலும் அரை மெகாபிட்டைச் சொச்சத்தில் தாண்டும், அவ்வளவே. வேண்டியது சீராகப் போவது. அதுவும் நம் பக்கமிருந்து வெளியே போகும் பாதை, அப்லோடு. சேலத்துக் கனெக்ஷனில் இறங்கும் பாதை அகலம், ஏறும் பாதை சந்து. அந்தச் சந்தில் எட்டு கேமராவின் படம் போய்க்கொண்டிருந்தது. போதாததற்கு மாலை ஆறு மணிக்குக் கணக்கு பேக்கப் கிளம்பும்படி யாரோ என்றைக்கோ வைத்திருக்கிறார்கள். ரவுட்டருக்கு எது பேச்சு, எது பேக்கப் என்று தெரியாது. வரிசையில் நிற்கவைத்தது. பேச்சு வரிசையில் நின்றால் செத்தது. தம்பி போய் பேக்கப்பை இரவு இரண்டு மணிக்கு மாற்றி, குரலுக்கு முதலிடம் கொடுக்கும்படி ரவுட்டரில் அமைத்துவிட்டு வந்தார். அரை மணி நேர வேலை. அன்று மாலையே அண்ணன் முழு வாக்கியமாகத் திட்டினார், ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

கரூர்த் தொல்லை வேறு மாதிரி. போன் அடிக்கும், எடுப்பார்கள், அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்கும். எங்கள் குரல் அங்கே போய்ச்சேராது. அவர்களுக்கு வெறும் அமைதி. பதினோரு நாள், ஐந்து புகார் எண். கடைசியில் பார்த்தால் கரூர் ரவுட்டரில் எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி. என்று ஒரு வசதி தானாகவே ஆன் ஆகி இருந்தது. ஆபீசுக்குள் இருக்கும் போனுக்கு 192.168 என்று தொடங்கும் உள்விலாசம், வெளியே யாருக்கும் அது தெரியாது. அதை வெளிவிலாசமாகத் திருத்திக்கொடுத்து உதவுவதற்காக வைத்த வசதிதான் இது. அந்தத் திருத்தும் வேலையைக் கம்பெனி சர்வர் ஏற்கெனவே செய்துகொண்டிருக்க, நடுவில் இதுவும் ஒரு கை வைத்துக் குழப்பிவிட்டது. சரக்கோடு போகும் எல்.ஆர். ரசீதில் இருக்கும் விலாசத்தை இடையில் ஒரு புரோக்கர் அடித்து எழுதினால் சரக்கு எங்கே போகும்? ஆஃப் செய்ததும் சரியாகிவிட்டது. இன்டர்நெட் போன் வாங்கி ஒருபக்கம் மட்டும் பேச்சு கேட்கிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள். கம்பெனியின் ஹெல்ப்லைனில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? என் பெரிய மனக்குறை இதுதான்.

இனி போர்டு லைட் கதை. ஈரோட்டு ஆபீசில் ஒரு மூன்று வாரம், காலை ஆறே முக்காலுக்கு எல்லாப் போனும் செத்துவிடும். ஏழரைக்கு நான் வந்து ஷட்டரைத் தூக்கி ஸ்விட்சுகளைப் போட்டதும் உயிர் வரும். முதல் வண்டி பிரிக்கும் நேரம் அது. பார்ட்டிகள், "காலையில கூப்புட்டா லைனே போக மாட்டேங்குதுங்க" என்றார்கள். கம்பெனி அவர்கள் சர்வரைப் பார்த்துவிட்டு, "தினமும் காலையில் உங்கள் போன்கள் ஆஃப்லைன் ஆகின்றன" என்றது. அது எங்களுக்கே தெரியும். ஒருநாள் ஆறரைக்கே போய் உட்கார்ந்துகொண்டேன். வாட்ச்மேன் தாத்தா வந்தார், தினமும் செய்வதுபோல் வாசல் போர்டு லைட்டை அணைத்தார். உள்ளே எல்லாப் போனின் திரையும் ஒன்றாக இருண்டது. ஃபைபர் போட வந்த பையன், கேபிள் உள்ளே நுழையும் இடத்திலேயே, ஃபைபரில் வருவதை நெட்டாக மாற்றிக்கொடுக்கும் ஓ.என்.டி. பெட்டியை மாட்டி, கைக்கு எட்டிய பிளக்கில் செருகிவிட்டுப் போயிருக்கிறான். அந்த பிளக் போர்டு லைட்டின் ஸ்விட்சில் இருந்து வருகிறது. தம்பி போட்ட ஸ்விட்ச் பெட்டியையும் பக்கத்தில் இருக்கட்டும் என்று அதிலேயே செருகியிருக்கிறார். "கரண்டு பில்லு ஏறுமேன்னு அணைக்கறனுங்க அம்மிணி" என்றார் தாத்தா. அவர் மேல் என்ன தப்பு?

செம்புக்கம்பி லைனுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. எக்ஸ்சேஞ்சின் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் அந்தக் கம்பியிலேயே வரும். ஊரே இருட்டாகக் கிடந்தாலும் போன் அடிக்கும். இன்டர்நெட் போனில் ஓ.என்.டி., ரவுட்டர், ஸ்விட்ச் என்று மூன்று பெட்டிக்கு நாம்தான் கரண்டு கொடுக்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று எங்கள் இன்வெர்ட்டர் ஃபேனையும் டியூப் லைட்டையும் ஓட்டிக்கொண்டிருந்தது, போன் மட்டும் படுத்துவிட்டது, இதே பிளக்கால். இப்போது மூன்று பெட்டியும் இன்வெர்ட்டர் லைனில். சேலத்திலும் கரூரிலும் ரவுட்டருக்கென்றே விற்கும் குட்டி யூ.பி.எஸ். வாங்கி வைத்தேன், ஒன்று ஆயிரத்து இருநூறு. போன் வாங்கும் பட்ஜெட்டில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், விற்பவர் சொல்லமாட்டார்.

விற்பவர் சொல்லாத இன்னொன்று சேனல். ஆறு எக்ஸ்டென்ஷன் இருந்தால் ஆறு பேரும் வெளியே பேசலாம் என்று நினைத்தேன். எக்ஸ்டென்ஷன் என்பது நாற்காலி. சேனல்தான் வாசல். நான்கு சேனல் என்றால் ஒரே நேரத்தில் வெளியோடு நான்கு பேச்சு, ஐந்தாவது ஆளுக்கு எங்கேஜ்டு. அழைப்பைச் செல்லுக்குத் திருப்பிவிட்டால் உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என்று இரண்டு சேனலைத் தின்னும். ஒரு செவ்வாய்க்கிழமை நானும் சேலத்து அண்ணனும் வெளியில் இருந்தோம், எங்கள் செல்லுக்கு இரண்டு அழைப்பு திரும்பியது, நான்கும் தீர்ந்தது. ஆபீசில் போனெல்லாம் சும்மா கிடக்க, பார்ட்டிகளுக்கு எங்கேஜ்டு கேட்டது. இப்போது எட்டு சேனல். ஆப்பில் எடுத்தால் இந்த இரட்டைச் செலவு இல்லை, ஆகவே செல்லில் டேட்டா இருக்கும்போது ஆப்பில்தான் எடுக்கிறோம்.

0 விவகாரம் சின்னது. தரைவழி நம்பரிலிருந்து செல்லுக்குக் கூப்பிட முன்னால் 0 போட வேண்டும் என்ற விதி 15 ஜனவரி 2021 முதல் இருக்கிறது. இன்டர்நெட்டில் வந்தாலும் எங்களுடையது தரைவழி நம்பர்தானே. பத்து இலக்கம் அடித்துவிட்டுப் போகவில்லை என்று கிளார்க் புலம்புவார். 6, 7, 8, 9-ல் தொடங்கும் பத்து இலக்கம் என்றால் தானே 0 சேர்த்துக்கொள் என்று செட்டிங்கில் ஒரு வரி சேர்த்தார்கள், தீர்ந்தது.

நன்மையையும் சொல்ல வேண்டும். கரூருக்கும் சேலத்துக்கும் பேசுவது இப்போது மூன்று இலக்கம், காசு கிடையாது, பக்கத்து மேசைக்குப் பேசுவதுபோல. ஈரோட்டில் நெட்டே போனாலும் நம்பர் சாவதில்லை. அது இருப்பது கம்பெனி சர்வரில், எங்கள் சுவரில் இல்லை. சர்வர் எங்கள் போன்களைத் தேடிப் பார்த்துக் காணவில்லை என்றால் சேலத்துக்குத் தள்ளிவிடும்படி வைத்திருக்கிறேன். மறுபடி தெருவைத் தோண்டியபோது ஃபைபர் அறுந்தது. அன்று முழுக்க ஈரோட்டு அழைப்புகளைச் சேலத்து அண்ணன் எடுத்தார். ஒரு பார்ட்டிக்கும் தெரியவில்லை.

அழைப்பில் பேசுவது பதிவாகிறதே, அதற்காகவே கொடுக்கும் காசு தகும். ஒரு வியாபாரி பதினாலு பேல் துணியைச் செவ்வாய்ப்பேட்டையில் இறக்கச் சொன்னதாகவும் நாங்கள் சூரமங்கலத்தில் இறக்கிவிட்டதாகவும் ஒரே சத்தம். பதிவைப் போட்டுக் காட்டினோம். அவர் குரலிலேயே "சூரமங்கலம்" என்று இரண்டு தடவை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என்ற மச்சான் சொன்னதைச் சொல்லிட்டேன் போல" என்று வண்டி வாடகையைக் கொடுத்தார். பதிவாகிறது என்று அழைப்பின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். எங்கள் லோடுமேன்களுக்குத்தான் அது இன்னும் பழகவில்லை. சில பதிவுகளை நான் தனியாக இருக்கும்போது மட்டுமே கேட்க முடியும்.

வரவேற்புக் குரலை அவர்கள் கொடுத்தபடியே விட்டிருந்தால் பாதிப் பார்ட்டி ஓடியிருப்பார்கள். "தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் மதிப்பு வாய்ந்தது" என்று ஒரு மிஷின் செந்தமிழில் பேசும். மஞ்சமண்டிக்காரர் ஒருவர், "ராங் நம்பருங்க" என்று வைத்துவிட்டார். எங்கள் பில்லிங் பெண்ணையே பேசவைத்துப் பதிவு செய்தேன்: "வணக்கமுங்க, புக்கிங்குக்கு ஒண்ணு அமுத்துங்க, சரக்கு வந்துருச்சான்னு கேக்க ரெண்டு அமுத்துங்க." வயதானவர்கள் எதையும் அமுத்தமாட்டார்கள், "அலோ அலோ" என்று கத்திக்கொண்டு நிற்பார்கள். ஐந்து செகண்ட் ஒன்றும் அமுத்தாவிட்டால் நேரே அப்பா மேசைக்குப் போகும். அவருக்கும் பேச ஆள் வேண்டுமே.

கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் வேறு வழியும் சொல்வார்கள். ஆஸ்டெரிஸ்க் என்று 1999-லிருந்து இருக்கும் இலவச மென்பொருளைப் பழைய கம்ப்யூட்டரில் ஏற்றினால் சொந்த எக்ஸ்சேஞ்சே வைத்துக்கொள்ளலாம். நல்லதுதான். ஆனால் அரைகுறைப் பாஸ்வேர்டோடு அதை நெட்டில் விட்டால், ராத்திரியோடு ராத்திரியாக எவனாவது நுழைந்து வெளிநாட்டு நம்பர்களுக்குப் பேசி பில்லை நம் தலையில் கட்டிவிடுவான். பார்த்துக்கொள்ள ஆள் இருப்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும். எங்களுக்குக் கம்பெனி சர்வரே போதும். அதிலும் ஐ.எஸ்.டி.யை முதல் நாளே பூட்டச் சொல்லிவிட்டேன். ஜமக்காளத்தை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர் நான் இல்லை.

மதிப்பெண் கேட்டால் சேவைக்கு ஏழு, ஹெல்ப்லைனுக்கு மூன்று, பெருந்துறைத் தம்பிக்குப் பத்து. ஒரே கடை, ஒரே போன், செல்லிலேயே வியாபாரம் நடக்கிறது என்றால் இது தேவையே இல்லை. இரண்டு மூன்று ஊரில் ஆள் வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம், முதலில் எந்தப் பெட்டி எந்த பிளக்கில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு.

பழைய நம்பர் மட்டும் இன்னும் தீராத கணக்கு. செல் நம்பரை எடுத்துக்கொண்டு கம்பெனி மாறுவதுபோல் தரைவழி நம்பரை மாற்ற இங்கே வழியில்லை. அந்த நம்பர்தான் நான்கு லாரியின் முதுகிலும் போர்டிலும் எல்.ஆர். புத்தகத்திலும் இருக்கிறது. போர்டை மாற்றி எழுதியாயிற்று. லாரிகளுக்கு எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குப் பெயின்ட் அடிக்கும்போது எழுதிக்கொள்ளலாம். எல்.ஆர். புத்தகம் அச்சடித்தது இன்னும் முப்பத்தெட்டுக் கட்டு அலமாரியில் கிடக்கிறது, கிழித்துப்போட அப்பா விடமாட்டார். அதனால் பழைய லைனில் ஒன்றைச் சரண்டர் செய்துவிட்டு, இன்னொன்றைப் புது நம்பருக்குத் திருப்பிவிட்டு, மாதாமாதம் வாடகை கட்டிக்கொண்டிருக்கிறேன். மழை பெய்தால் அதில் வரும் அழைப்பில் மட்டும் அந்தப் பழைய கரகரப்பு இன்னும் கேட்கிறது.